வீட்டுத் தோட்டத்தில் பூச்சிப் பகை

வண்டலூர் என்றவுடன் மாணவர்களாகிய உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள விலங்குக் காட்சிசாலையாகவே இருக்கும். 1855-ஆம் ஆண்டில் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையில் டாக்டர் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிவைத்த அந்தக் காட்சிசாலை, நெடுங்காலம் நகரத்தின் நடுவே இருந்துவிட்டு, 1985-ஆம் ஆண்டில் வண்டலூர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் இப்பொழுது சொல்லப்போவதும் ஒரு காண்டாமிருகத்தைப் பற்றித்தான். ஆனால் அதைப் பார்க்க நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வண்டலூரிலும் ஊரப்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் கொல்லையில் தென்னை வளர்க்கும் எந்த வீட்டிலும் அது குடியிருக்கக்கூடும். அதன் நீளம் ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம். பளபளக்கும் கருநிறம், தலையில் ஒரே ஒரு கொம்பு. காண்டாமிருக வண்டு என்று அதற்குப் பெயர்.

இந்த வண்டை நேரில் காண்பது அரிது. பகலில் அது குருத்துக்குள் ஒளிந்திருக்கும்; இரவில்தான் பறக்கும். ஆயினும் அது வந்து சென்றதைத் தரையில் நின்றபடியே கண்டுகொள்ளலாம். தென்னை ஓலையை அண்ணாந்து பாருங்கள். ஓலையின் இரு புறமும் கத்தரிக்கோல் கொண்டு அளவெடுத்து வெட்டியதுபோல முக்கோணமாகவோ விசிறிபோலவோ துண்டுகள் விடுபட்டிருந்தால், அது காண்டாமிருக வண்டின் கையெழுத்து. ஒரு பூச்சிக்கு இத்தனை ஒழுங்காக வெட்ட எப்படித் தெரிந்தது என்று வியக்க வேண்டாம். ஒரு காகிதத்தை நாலைந்து மடிப்பாக மடித்து, ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி விரித்துப் பாருங்கள். பல இடங்களில் ஒரே மாதிரியான ஓட்டை விழுந்திருக்கும். விரியாத குருத்தும் மடித்த காகிதம் போன்றதே. வண்டு சாற்றை உண்பதற்காக அதைக் குறுக்கே துளைத்துச் செல்கிறது. சில வாரங்கள் கழித்து ஓலை விரியும்பொழுது, அந்த ஒரே துளை இரு பக்கமும் கோலமாக விரிகிறது. ஆகவே நாம் இன்று காணும் வெட்டு என்றோ நடந்த சேதம். இன்றைய சேதத்தை அறிய வேண்டுமானால், குருத்தின் அடியில் மென்று துப்பிய நார் சக்கை ஈரமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அதை வெளியே எடுக்க மரமேறிகள் கைக்கொள்ளும் முறை மிகப் பழையது. நுனியில் கொக்கிபோல் வளைத்த மெல்லிய இரும்புக் கம்பியைத் துளைக்குள் செலுத்தி, வண்டைக் குத்தி இழுத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் மரமேறும் பெரியவர் ஒருவர், தேங்காய் பறிக்க ஏறும்போதெல்லாம் கம்பியையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவார். "காயைப் பறிச்சுட்டுக் குருத்தைப் பார்க்காம இறங்கினா அடுத்த வருஷம் பறிக்கக் காய் இருக்காதுங்க ஐயா" என்பது அவர் சொல். வண்டை எடுத்தபின், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாகக் கலந்து, உட்புறத்து மூன்று மட்டைகளின் கக்கங்களில் இட்டு வைப்பது நல்லது. மரம் ஒன்றுக்கு நூற்றைம்பது கிராம் கலவை போதும். வேம்பின் கசப்பு ஒரு புறம், உடலின் மூட்டுகளில் உறுத்தும் மணல் மற்றொரு புறம். மறுபடியும் நுழைய வண்டு தயங்குகிறது.

இத்துடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. இந்த வண்டின் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. தாய் வாழ்வது மரத்தின் உச்சியில். பிள்ளை வளர்வது குப்பைக் குழியில். எருக்குழி, மக்கிய இலைக் குவியல், இற்றுப்போன தென்னந்தடி ஆகியவற்றில் அது முட்டையிடுகிறது. அதிலிருந்து வெளிவரும் வெள்ளைப் புழு அரைவட்டமாகச் சுருண்டு, கொழுகொழுவென்று கட்டைவிரல் பருமனுக்கு வளரும். மக்கியதைத் தின்று நாலைந்து மாதம் மண்ணோடு மண்ணாகக் கிடந்து, பின்பு கூட்டுப்புழுவாகி, வண்டாகி, உச்சிக்குப் பறந்து செல்கிறது. புழு தென்னையைத் தொடுவதே இல்லை. ஆதலால் மரத்தை மட்டும் காவல் காப்பவர், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தவர் போலாவார்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையையும் அதன் தென்புறத்தையும் தாக்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வண்டலூர்க் காட்சிசாலையில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வீட்டுக் கொல்லைகளில் சாய்ந்த தென்னைகளை அறுத்துத் துண்டாக்கி, அடுத்த காலி மனையில் உருட்டிவிட்டோர் பலர். இற்றுப்போகும் தென்னந்தடியைவிட இந்த வண்டுக்கு உகந்த தொட்டில் வேறொன்று இல்லை. புயலின் சேதம் ஒரே இரவில் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பின்வந்த சேதம், ஓரிரு ஆண்டுகள் கழித்து, புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளின் ஓலையில் விசிறி வெட்டாகத் தெரியலாயிற்று. சாய்ந்த மரத்தைப் பிளந்து உலர்த்தி விறகாக எரித்துவிடுவது, புதிய கன்று வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய காரியம்.

இந்த வண்டு கடல் கடந்தும் சென்றிருக்கிறது. 1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவுக்குச் சென்று, அங்கே தென்னையை நம்பி வாழ்ந்த மக்களைத் தவிக்கவிட்டது. 1963-ஆம் ஆண்டில் ஹூகர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி மலேயாவில் இந்த வண்டுக்கு நோய் தரும் நச்சுயிரி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1967-இல் அதைச் சமோவாவில் பரப்பியதும் வண்டின் தொகை வெகுவாகக் குறைந்தது. நமக்கு அதைவிட எளிதில் கிட்டுவது மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சை. எருக்குழியில் இதைக் கலந்துவிட்டால், புழுவின் தோலில் முளைத்து உள்ளே வேர்விட்டு அதைக் கொன்றுவிடும். மனிதருக்கோ மாட்டுக்கோ தீங்கில்லை. வண்டுகளை மணத்தால் கவர்ந்திழுக்கும் பொறிகளும் கடைகளில் கிடைக்கின்றன. பெருந்தோப்புகளுக்கு அவை ஏற்றவை. ஒற்றை மரம் வைத்திருப்பவர் அதை வாங்கித் தொங்கவிடுவதை நான் ஆதரிப்பதில்லை. ஊர் வண்டையெல்லாம் விருந்துக்கு அழைத்த கதையாகிவிடும்.

காண்டாமிருக வண்டு செய்த காயத்தின் வழியே வேறொரு பகைவன் வருகிறான். அவன் சிவப்புக் கூன்வண்டு. நீண்ட மூக்கும் செம்பழுப்பு நிறமும் உடையவன். இதன் புழு தண்டின் உட்புறத்தைத் தின்பதால், வெளித் தோற்றத்தில் மரம் நெடுநாள் நலமாகவே நிற்கும். தண்டிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடிதலும், புளித்த வாடை வீசுதலும் அறிகுறிகள். இன்னுமொரு சோதனை உண்டு. சந்தடியற்ற வேளையில் மரத்தில் காதை ஒட்டவைத்துக் கேளுங்கள். உள்ளே புழு நறநறவென்று கடிக்கும் ஓசை கேட்கும். கேட்ட பிறகு காப்பது கடினம். வராமல் தடுப்பதே வழி. பச்சை மட்டையை அடியோடு அரியாமல் நான்கடி விட்டு வெட்ட வேண்டும். தண்டில் ஆணி அடித்துத் துணிக்கொடி கட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

தென்னையை விட்டு முருங்கைக்கு வருவோம். மழைக்காலத்தில் முருங்கையின் அடிமரத்தில் பழுப்புநிறக் கம்பளிப்புழுக்கள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே பட்டால் அரிக்கும், தடிக்கும். இதற்காகவே வீட்டருகில் முருங்கை வேண்டாமென்று வெட்டிவிடுவோரும் உண்டு. நல்ல கீரையும் காயும் தரும் மரத்தை ஆண்டுக்குச் சில வாரம் வரும் புழுவுக்காக வெட்டுவது பெரும் நஷ்டம். இப்புழுக்கள் இரவில் மேலேறி இலையைத் தின்று, பகலில் தண்டில் வந்து கூடுகின்றன. எதிரியே ஓரிடத்தில் அணிவகுத்து நிற்கும்பொழுது அவரவர் வீட்டை நாம் தேடிப்போக வேண்டியதில்லை அல்லவா? நீண்ட கழியில் தீப்பந்தம் கட்டி ஓட்டுவது நாட்டுப்புற வழக்கம். முருங்கைப் பட்டை மென்மையானது. பந்தம் ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் வெந்துவிடும். சோப்புக் கரைத்த நீரை அவை கூடியிருக்கும் இடத்தில் நன்றாகப் பீச்சி, கீழே விழுந்தவற்றை நீண்ட துடைப்பத்தால் கூட்டிப் புதைத்துவிடுவதை நான் மேலாகக் கருதுகிறேன். கையுறை அணியாமல் இதில் இறங்கக்கூடாது. முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் பெரிய மஞ்சட்பழுப்பு அந்துகளே இவற்றின் தாய். அந்த வாரத்தில் இலைகளிலும் இளந்தண்டிலும் கொத்தாக இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துவிட்டால், பின்னர் துடைப்பத்துக்கே வேலை குறையும்.

கறிவேப்பிலைச் செடியில் புதிய தளிர் ஒரே நாளில் மொட்டையாகிவிட்டதென்று வீடுகளில் முறையிடக் கேட்கிறோம். அங்கே இலை மேல் பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று கிடக்கும். அது எச்சமன்று, எச்சம் போல வேடமிட்ட புழு. எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? வளர்ந்தபின் இப்புழு பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அதைக் குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளைச் சட்டென்று நீட்டி நெடிவீசி மிரட்டும். எலுமிச்சையிலும் இதைக் காணலாம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் தாவர நூலில் ஒரே குடும்பம். இதற்கு மருந்து தெளிப்பதைப் போன்ற பேதைமை வேறில்லை. நாளைக்கு ரசத்தில் போடப்போகும் இலை அது. பத்து விரல்களே போதும். புழுவைப் பொறுக்கி எடுத்துவிடலாம். நானோ செடி பெரிதாயிருந்தால் இரண்டொன்றை விட்டுவைப்பேன், ஏனெனில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி என்று நாம் போற்றும் அழகிய சிறகுகளாக மாறுவது இந்தப் புழுவே. வண்ணத்துப்பூச்சித் தோட்டம் அமைப்போர், பூச்செடிகளோடு புழு தின்னும் செடிகளையும் தேடி நடுகிறார்கள்.

மாமரத்தின் தண்டுத் துளைப்பான் பற்றி ஒரு சொல். நல்ல மரத்தில் ஒரு கிளை மட்டும் காரணமின்றி வாடி, அடியில் மரத்தூள் சிந்தியிருந்தால், பட்டையில் துளையைத் தேடுங்கள். சைக்கிள் சக்கரக் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்து புழுவைக் கொன்று, மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண்ணால் பூசிவிட வேண்டும்.

இதுவரை சொன்னவையெல்லாம் கடித்துத் தின்னும் இனங்கள். இலையில் ஓட்டை விழும், தூள் கொட்டும், கண்டுபிடிப்பது எளிது. உறிஞ்சும் இனங்களின் போக்கு வேறு. அவை ஊசிபோன்ற வாயை இலைக்குள் குத்திச் சாற்றை மட்டும் குடிக்கின்றன. இலை முழுதாகவே இருக்கும். ஆனால் சுருண்டு மஞ்சளிக்கும். உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையை அவை தேன்துளியாகக் கழிப்பதால் இலைகள் பிசுபிசுக்கும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து அடுப்புக்கரி பூசினாற்போல் ஆகும். அந்தத் தேனுக்காக எறும்பு வரும். ஆதலால் கொய்யாவிலோ செம்பருத்தியிலோ எறும்புகள் சாரைசாரையாக மேலேறக் கண்டால், எறும்பைத் திட்டுவதற்கு முன் அவை எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் மாவுப் பூச்சியிடம் போய் முடியும். எறும்பு அதன் தேனைப் பெற்றுக்கொண்டு, அதன் பகைவர்களை விரட்டிக் காவல் புரிகிறது.

மாவுப் பூச்சி என்றதும், நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் இதுவரை காணாத மாவுப் பூச்சி ஒன்று காணப்பட்டது. காயும் தண்டும் இலையும் வெண்பஞ்சு போர்த்தினாற்போல் ஆயின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மல்பெரிக்குத் தாவிற்று. பட்டுப்புழு வளர்ப்போர் கலங்கினர். மரவள்ளிக்குத் தாவிற்று, பருத்திக்கும் செம்பருத்திக்கும் கொய்யாவுக்கும் தாவிற்று. உழவர்கள் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் தெளித்தார்கள். மாவுப் பூச்சியின் மேலுள்ள மெழுகுப் போர்வை மருந்தை உள்ளே விடுவதில்லை. தெளித்த சில நாட்களில் பூச்சி மீண்டும் வந்தது; அதைத் தின்னக்கூடிய பொறிவண்டுகளோ மடிந்துபோயின.

இந்தப் பூச்சியின் தாயகம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது பெருந்தொல்லை தருவதில்லை. ஏன்? அங்கே அதற்கு இயற்கைப் பகைவர்கள் உண்டு. பூச்சி மட்டும் கடல் கடந்து வந்துவிட்டது. பகைவர்கள் உடன் வரவில்லை. ஆகவே பெங்களூரிலிருந்த தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனத்தார் 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையின் உதவியால் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தனர். குளவி என்றதும் அஞ்ச வேண்டாம். கடுகைவிடச் சிறிய இவை மனிதரைக் கொட்டுவதில்லை. மூன்றனுள் சிறந்து விளங்கியது ஏசரோபேகஸ் பப்பாயே என்பது. இது மாவுப் பூச்சியின் உடலுக்குள் தன் முட்டையை வைக்கிறது. வெளிவரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்த்து, வெறும் கூட்டை விட்டுவிட்டுக் குளவியாகப் பறக்கிறது. இவற்றைக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் பட்டு வளர்ச்சித் துறையினரும் பிறரும் பெருக்கி, வயல்களில் விட்டனர். ஓராண்டுக்குள் பூச்சி அடங்கிவிட்டது. ஒரு துளி நஞ்சில்லை. உழவருக்கு ஒரு காசு செலவில்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் உயிர் செய்த வேலை அது.

பகைவனுக்குப் பகைவனைக் கொண்டு காரியம் முடிப்பது புதிய யோசனையன்று. கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீன நூலொன்று, ஆரஞ்சு மரங்களைக் காக்க முசுறு எறும்பின் கூடுகளைச் சந்தையில் விற்றதைக் கூறுகிறது.

2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் மற்றொரு விருந்தாளி தோன்றியது. அது சுருள் வெள்ளை ஈ. ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, வெண்மெழுகைப் பூசி வைக்கும். தென்னைக்கு அடியிலுள்ள வாழையும் துளசியும்கூடத் தேன்துளி சிந்திக் கறுத்துவிடும். இங்கும் அதே கதைதான். என்கார்சியா என்னும் நுண்குளவி இதைத் தேடி அழிக்கிறது. நஞ்சு தெளித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுவதும், வேகமாக நீர் பீச்சி ஓலையின் அடிப்புறத்தைக் கழுவுவதும், கரும்பூசணத்தின்மேல் மைதாக் கஞ்சியை நீர்த்துத் தெளிப்பதும் போதும். கஞ்சி காய்ந்து உதிரும்பொழுது கருமையையும் உரித்துக்கொண்டு போகும்.

நஞ்சைப் பற்றி நான் இத்தனை கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தென்னையின் வேரில் கட்டிவிடச் சொல்லி நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்ட மருந்து மோனோகுரோட்டோபாஸ். 2013-ஆம் ஆண்டு ஜூலையில் பீகார் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் பகல் உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டார்கள். அவர்களுக்குச் சமைத்த எண்ணெயில் கலந்திருந்தது அதே மருந்துதான். இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1958-இல், கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து உணவுப்பொருளில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் விளைவாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் எண்ணெய்ப் புட்டியும் மருந்துப் புட்டியும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகளும் இருக்கின்றன. இரண்டு கொய்யாவும் ஒரு மாமரமும் உள்ள கொல்லைக்கு அத்தகைய மருந்து எதற்காக வீட்டுக்குள் வர வேண்டும்?

வேம்பு இருக்கும்பொழுது அதற்குத் தேவையுமில்லை. 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிப் பசுமையனைத்தையும் தின்றபொழுது, வேப்பமரம் மட்டும் தீண்டப்படாமல் நின்றதை ஜெர்மானிய விஞ்ஞானி ஷ்முட்டரர் கண்டார். டில்லியில் பிரதான் முதலியோர் 1962-இல், வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினார்கள். நீங்கள் அதை வீட்டிலேயே செய்யலாம். ஐம்பது கிராம் வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவையுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேருங்கள். வெயில் வேம்பின் சத்தைக் கெடுத்துவிடுமாகையால், பொழுது சாயும் நேரத்தில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

தெளிப்பதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியுடன் மாவுப் பூச்சிக் கூட்டத்தை நன்றாகப் பாருங்கள். அவற்றின் நடுவே, அவற்றைப் போலவே வெண்மெழுகு போர்த்தி, அவற்றைவிடப் பருத்து, உடலெங்கும் குஞ்சம் தொங்கவிட்ட ஒன்று தென்படலாம். பெரிய மாவுப் பூச்சி என்று பலர் அதைத்தான் முதலில் நசுக்கிவிடுகிறார்கள். அது 1898-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பொறிவண்டு ஒன்றின் புழு. மாவுப் பூச்சியைத் தின்பதற்கென்றே அங்கு வந்திருக்கிறது. வேறுபாடு அறிவது எளிது. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மாவுப் பூச்சி இருந்த இடத்திலேயே கிடக்கும். பொறிவண்டின் புழு விரைந்து ஓடும். ஓடுவது இருக்கிற கிளையில் அன்று தெளிக்க வேண்டாம்.